காப்பகத்தில் நாய்கள் சண்டை போட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பகத்துக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி, "சண்டை வந்தா என்ன செய்யறது?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தெருவிலிருந்து வந்த நாட்டு நாய்களும், வீட்டில் வளர்த்துவிட்டு வாசலில் கட்டிப்போட்டுப் போன சாதி நாய்களும் கலந்து இருக்கும் காப்பகத்தை மனதில் வைத்து எழுதியது இது.

விளையாடுதா சண்டை போடுதான்னே தெரியலையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விளையாட்டில் உடம்பு தளர்வாக இருக்கும். முன்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கும், கீழே விழும், துரத்தும். கொஞ்ச நேரத்தில் துரத்தினது ஓடும், ஓடினது துரத்தும். நடுவில் இரண்டும் ஒரு நொடி நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். உறுமல் சத்தம் கேட்டாலும் பயப்பட வேண்டியதில்லை.

சண்டைக்கு முன்னால் உடம்பு விறைத்துப்போகும். வால் மேலே நிமிர்ந்து, நுனி மட்டும் மெதுவாக ஆடும். வால் ஆடுகிறதே, சந்தோஷமாக இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கண் எதிராளி மேலேயே நிலைத்திருக்கும், வாய் மூடியிருக்கும். ஒன்று இன்னொன்றின் தோள் மேல் தாடையை வைத்து அப்படியே அசையாமல் நிற்கும். இந்த அசையாத இரண்டு மூன்று நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். அப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கைதட்டி, வேறு பக்கம் நடந்து கவனத்தைத் திருப்புங்கள். கிட்டப் போய் நடுவில் குனிய வேண்டாம்.

சண்டை ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

ஆளைக் கூப்பிடுங்கள். "சண்டை! மூணாம் யார்டு!" என்று இடத்தோடு சேர்த்துக் கத்துங்கள் (யார்டு என்றால் நாய்களை ஓடியாட விடும் அடைப்பு). வெறும் அலறல் வேண்டாம், எந்த மூலையிலிருந்து கேட்கிறது என்று யாருக்கும் புரியாது.

அடுத்து, சண்டையில் இல்லாத நாய்களை அப்புறப்படுத்த யாராவது ஒருவர் வேண்டும். பக்கத்துக் கூண்டுக் கதவைத் திறந்து கூப்பிட்டாலே பாதி நாய்கள் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகுதான் சண்டைக்காரர்கள். வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சத்தம், தண்ணீர், பலகை அல்லது போர்வை. இவை எதுவும் பலிக்காவிட்டால் மட்டும் பின்னங்கால். கழுத்துப் பக்கம் கை போகவே கூடாது.

அக்கா, பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தா முடிஞ்சிடுமே, அதை ஏன் வேண்டாம்ங்கிறீங்க?

நாய் பிரிக்கப் போய் ஆள் கடிபடுவது பெரும்பாலும் அப்படித்தான். சண்டையில் இருக்கும் நாய் தன் மேல் படுவது எதுவானாலும் எதிராளியின் வாய் என்றுதான் எடுத்துக்கொள்ளும். திரும்பிப் பார்க்காமலே கடிக்கும். ஐந்து வருடமாக உங்கள் கையில் சாப்பிட்ட நாயாக இருந்தாலும் அதே கதைதான். அதற்கு உங்கள் மேல் கோபமும் இல்லை, நீங்கள் யார் என்ற ஞாபகமும் அந்த நேரத்தில் இல்லை. கழுத்தில் கை வைத்தால் கை இருப்பது இரண்டு வாய்களுக்கும் நடுவில்.

இன்னொன்று, ஒரு நாய் மற்றதன் காதையோ கழுத்துத் தோலையோ கவ்வியிருக்கும்போது பெல்ட்டைப் பிடித்து இழுத்தால், பல் குத்திய காயம் கிழிந்த காயமாக மாறும். குத்தின காயத்தைவிட கிழிந்ததைத் தைப்பது பெரிய வேலை.

தண்ணி ஊத்தினா போதும்னு சொல்றாங்களே, உண்மையா?

பல சண்டைகளுக்குப் போதும், ஆரம்பத்திலேயே ஊற்றினால். ஒரு குவளை தண்ணீரைத் தெளிப்பதில் பிரயோஜனமில்லை. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஒரே வீச்சாக அடிக்க வேண்டும், அல்லது ஓஸ் பைப்பை மூக்கு, கண் பக்கம் குறிவைத்துப் பிடிக்க வேண்டும். அதனால்தான் யார்டு குழாயில் ஓஸ் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். கழற்றிச் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்த ஓஸ் சண்டைக்கு உதவாது.

கவ்விப் பிடித்துக்கொண்ட நாயிடம் தண்ணீர் அவ்வளவாகப் பலிக்காது. அதற்குத் தனிக் கேள்வி கீழே வருகிறது.

கத்தினா இன்னும் வெறி ஏறாதா? எந்தச் சத்தம் வேலை செய்யும்?

மனிதர்கள் கூடி நின்று கத்தும் சத்தம் ஏற்றிவிடத்தான் செய்யும். அது நாய்க்குப் பழகிய சத்தம், தொடர்ந்து வரும் சத்தம். வேலை செய்வது திடீரென்று ஒரு முறை வெடிக்கும் புதுச் சத்தம். இரண்டு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுகளை நாய்களின் தலைக்குப் பக்கத்தில் பலமாக மோதுவது, தகரக் கதவை ஓங்கி அடிப்பது, கையில் பிடிக்கும் ஏர் ஹாரனை அழுத்துவது. இரண்டு மூன்று முறைக்குள் விலகவில்லை என்றால் சத்தம் பலிக்கவில்லை என்று அர்த்தம், அடுத்ததற்குப் போங்கள்.

ஏர் ஹாரனை விளையாட்டாக அழுத்திக் காட்டாதீர்கள். பழகிவிட்டால் அதுவும் போச்சு. தவிர, பக்கத்துக் கூண்டில் இருக்கும் பயந்த நாய்கள் பாவம்.

கம்பால ரெண்டு போட்டா பயந்து விடாதா?

விடாது. வலி வந்தால் எதிராளிதான் கடிக்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்திக் கவ்வும். உதைப்பதும் அப்படியே, கூடுதலாக உங்கள் கால் அதன் வாய்க்குப் பக்கத்தில் போகிறது. அடிபட்ட விலா எலும்பையும் நாம்தான் பிறகு பார்க்க வேண்டியிருக்கும்.

பலகை, போர்வைன்னு சொன்னீங்களே, அதை எப்படிப் பயன்படுத்தறது?

ப்ளைவுட் பலகை, இடுப்பு உயரம், மேலே கை நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. அதை உங்களுக்கு முன்னால் தரையோடு பிடித்துக்கொண்டு இரண்டு நாய்களுக்கு நடுவில் நுழைக்க வேண்டும். வாய் விட்டுவிட்டுப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் பலகை இறங்கினால் பார்வை மறைந்துவிடும், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது. பிறகு பலகையாலேயே ஒரு நாயைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போங்கள். பலகை இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, குப்பைக் கூடையின் மூடி, கயிற்றுக் கட்டில் என்று கிடைத்தது எதுவும் சரி.

போர்வை என்றால் கனமான பழைய கம்பளி அல்லது தார்ப்பாய். இரண்டு நாய்கள் மேலும் விழுகிற மாதிரி வீசுங்கள். இருட்டிப்போனதும் சில நாய்கள் குழம்பி விட்டுவிடும். ஆனால் போர்வை மேல் கையை வைத்து அமுக்காதீர்கள், அடியில் வாய் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ரெண்டு பேர் இருந்தா பின்னங்காலைப் பிடிச்சு இழுக்கலாம்னு யூடியூப்ல பாத்தேன். சரியா?

சரி, ஆனால் அதில் மூன்று விஷயம் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணிப் பிடியுங்கள். ஒருவர் மட்டும் முந்திக்கொண்டால், பிடிபட்ட நாய் தப்பிக்க முடியாமல் மற்றதிடம் கடி வாங்கும். இரண்டாவது, பாதத்தையோ கணுக்காலையோ பிடிக்காமல் தொடைக்குப் பக்கத்தில், முட்டிக்கு மேலே பிடிக்க வேண்டும். கீழே பிடித்தால் மூட்டு விலகலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். காலைத் தூக்கித் தள்ளுவண்டி மாதிரி பிடித்ததும் நேராகப் பின்னால் இழுக்காமல், வளைந்து வளைந்து பின்னோக்கி நடங்கள். முன்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் எட்டுவைக்க வேண்டியிருப்பதால் நாய்க்குத் திரும்பி உங்களைக் கடிக்க நேரம் கிடைக்காது. நின்றீர்களோ, திரும்பும். கூண்டுக்குள் கொண்டுபோய்க் கதவு சாத்தும் வரை விடக் கூடாது. பிரிந்துவிட்டதே என்று நடுவழியில் காலை விட்டால் நேராகப் போய் மறுபடி விழும். கவ்வியிருக்கும் நாயிடம் இந்த முறை வேண்டாம். காரணம் பெல்ட் கேள்வியில் சொன்னதுதான்.

ராத்திரி ஷிஃப்டுல நான் மட்டும்தான் இருக்கேன். என்ன பண்றது?

முதலில் சத்தம், தண்ணீர், போர்வை மூன்றையும் முயலுங்கள். விலகவில்லை என்றால், ஒரு நுனியில் கைப்பிடி வளையம் உள்ள நீளக் கயிறு வேண்டும். தாக்கும் நாயின் பின்பக்கமாகப் போய், வயிற்றுக்கு அடியில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கயிற்றைக் கொடுத்து, கைப்பிடி வளையத்துக்குள் மறு நுனியை நுழைத்து இறுக்குங்கள். பின்னாலேயே நடந்து அருகில் இருக்கும் தூணிலோ கிரில்லிலோ கட்டிவிடுங்கள். பிறகு மற்ற நாயின் பின்பக்கம் போய், மேலே சொன்ன மாதிரி தொடையைப் பிடித்து, கட்டிய நாய்க்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய் அடையுங்கள். கயிறு நுழைக்கும் நேரத்தில் இரண்டும் கவ்விக்கொண்டிருந்தால் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, கவ்வல் தளரும்போதுதான் இழுக்க வேண்டும்.

சின்ன நாயைக் காப்பாற்ற அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வது பலருக்கும் தானாக வரும் செயல். செய்யாதீர்கள். பெரிய நாய் எட்டிக் குதிக்கும்போது நடுவில் இருப்பது உங்கள் முகம்.

உண்மையில் ஒரே ஆள் இருக்கும் நேரத்தில் நாய்களைக் கூட்டமாக யார்டில் விடவே கூடாது. இதை நிர்வாகம் எழுதி ஒட்ட வேண்டும்.

கவ்விட்டு விடவே மாட்டேங்குது. இழுக்கவும் கூடாதுன்னா என்னதான் செய்யறது?

அசையவிடாமல் பிடிப்பதுதான் முதல் வேலை. கவ்வியதைவிட, கவ்விக்கொண்டு தலையை உதறுவதுதான் சதையைக் கிழிக்கிறது. கவ்விய நாயின் இடுப்பை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கி நிறுத்த ஒருவர், கடிபட்ட நாயை விலகிப்போகாமல் பிடிக்க இன்னொருவர். பயிற்சி பெற்ற மூத்த ஊழியர் இருந்தால், கவ்விய நாயின் பெல்ட்டைப் பிடரிப் பக்கமாகப் பிடித்து மேல்நோக்கி இறுக்குவார். மூச்சுக்காக அது வாயைத் திறந்த நொடியில் பின்னால் எடுத்துவிட வேண்டும். கழுத்துப் பக்கம் கை போகக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, அதுவும் வாய் வேறிடத்தில் பூட்டியிருப்பதால்தான். வாய் விட்டதும் இறுக்கத்தை உடனே தளர்த்த வேண்டும்.

பிரேக் ஸ்டிக் என்று ஆப்பு வடிவத்தில் ஒரு மரத்துண்டு உண்டு. வாயின் பக்கவாட்டில், கடைவாய்ப் பல்லுக்குப் பக்கம் நுழைத்துத் திருகினால் தாடை திறக்கும். பிட்புல் போலக் கவ்வினால் விடாத வகைக்கு மட்டுமே இது. நம் நாட்டு நாய்கள் பெரும்பாலும் கடித்து, விட்டு, மறுபடி கடிக்கும். அதனிடம் குச்சியை நீட்டினால் அடுத்த கடி உங்கள் விரலுக்கு. நேரில் கற்றுக்கொள்ளாமல் இதைத் தொடாதீர்கள்.

ரெண்டு நாயும் கத்துது, சுத்துது, ஆனா விலக மாட்டேங்குது. கவ்வின மாதிரியும் தெரியல.

கீழ்த்தாடையைப் பாருங்கள். விளையாடும்போது ஒரு நாயின் கீழ்ப்பல் மற்றதன் பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அது உருண்டதும் பெல்ட் முறுக்கி, ஒன்றுக்கு மூச்சு அடைக்கும், மற்றதற்குத் தாடை வலிக்கும். இரண்டும் பயத்தில் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். பார்ப்பவர்கள் சண்டை என்று தண்ணீர் ஊற்றுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

இங்கே செய்ய வேண்டியது நேர்மாறானது. இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றாக நெருக்கித் தள்ளி இறுக்கத்தைக் குறையுங்கள். முறுக்கு எந்தப் பக்கம் விழுந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு நாயைப் புரட்டுங்கள். முடியாவிட்டால் பெல்ட்டை வெட்டிவிடுங்கள். வலுவான கத்தரிக்கோலும், இரும்புச் சங்கிலிக்குப் போல்ட் கட்டரும் யார்டு வாசலில் தொங்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், கூட்டமாக விளையாட விடும்போது சங்கிலியைக் கழற்றிவிட்டு, இழுத்தால் தானே திறந்துகொள்ளும் பிளாஸ்டிக் கொக்கி பெல்ட் போடுங்கள்.

நாலஞ்சு சேர்ந்து ஒண்ணை அமுக்குதே, அப்ப?

காப்பகத்தில் சண்டையால் நாய் செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான். இருவர் சண்டையில் சத்தம் அதிகம், காயம் குறைவு. கும்பல் தாக்கும்போது சத்தம் அடங்கிப்போகும். கீழே விழுந்த நாய் கத்துவதையும் நிறுத்திவிட்டால் நேரமே இல்லை என்று அர்த்தம். கும்பலுக்குள் நீங்கள் குனியவோ மண்டியிடவோ கூடாது. தடுமாறி விழுந்தால் நீங்களும் இலக்குதான்.

ஓஸும் ஹாரனும் ஒரே நேரத்தில். பின்னால் நின்று உசுப்பேறிக் கடிக்கும் நாய்கள் முதலில் கலையும், அவற்றை ஒருவர் உடனே அடைக்க வேண்டும். கடைசிவரை விடாத ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அப்போது அது இருவர் சண்டை, மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

கம்பிக்கு ரெண்டு பக்கமும் நின்னு சண்டை போடுதே, அது ஆபத்தில்லையே?

ஆபத்துதான். கம்பி இடைவெளியில் பாதமும் நாக்கும் மாட்டிக் கிழிந்துபோகும். அதைவிட, எட்டாத எதிராளி மேல் இருக்கும் ஆத்திரத்தில் தன் கூண்டிலேயே இருக்கும் துணை நாயைக் கடித்துவிடும். இரண்டு கூண்டுக்கும் பொதுவான கம்பித் தடுப்பின் கீழ்ப்பகுதியை நாய் எட்டிப் பார்க்கும் உயரத்துக்குத் தகரமோ ப்ளைவுட்டோ வைத்து மறைத்துவிடுங்கள். காற்று மேலே வரட்டும்.

மிளகாய்ப்பொடி, பெப்பர் ஸ்ப்ரே, தீயணைப்பான், இதெல்லாம்?

மூன்றும் வேண்டாம். பொடியும் ஸ்ப்ரேயும் காற்றில் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் வரும், வலியில் நாயின் கடி இன்னும் இறுகலாம். உலர்பொடித் தீயணைப்பான் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். சிட்ரோனெல்லா எண்ணெய் கலந்த ஸ்ப்ரே வெளிநாட்டுக் காப்பகங்களில் உண்டு, லேசான சண்டைக்கு உதவும். கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் ஓஸ் இருக்கிறது.

பிரிச்சாச்சு. ரத்தம் பெருசா இல்ல. சின்ன ஓட்டைதானே, மஞ்சள் வச்சா ஆறிடாதா?

ஆறாது. கோரைப்பல் உள்ளே போகும்போது தோலில் கடுகளவு ஓட்டைதான் விழும். உதறும்போது அடியில் தோல் சதையிலிருந்து பிரிந்து பை மாதிரி ஆகியிருக்கும். முடியை விலக்கி, விரலால் சுற்றிலும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கழுத்திலோ மார்பிலோ அழுத்தும்போது நொறுநொறுவென்று தட்டுப்பட்டால் தோலுக்கு அடியில் காற்று நுழைந்திருக்கிறது. அது மூச்சுக்குழலோ நுரையீரலோ ஓட்டையான அறிகுறி, உடனே டாக்டரிடம் ஓட வேண்டியது. ஈறு வெளுத்திருந்தாலும், மூச்சு வேகமாக மேலோட்டமாக வாங்கினாலும், வயிற்றில் கடி இருந்தாலும் அதே அவசரம்.

மற்ற காயங்களுக்கு முடியை வெட்டி, நார்மல் சலைன் (சுத்தமான உப்பு நீர்) ஊற்றிக் கழுவுங்கள். அன்றைக்கே டாக்டர் பார்க்கட்டும்; சீழ் வடிய வழி இல்லாமல் ஓட்டை மேலே மூடிக்கொண்டால் உள்ளே கட்டியாகும். நம் ஊர் வெயிலில் ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழு வைத்துவிடும் என்பதால், காது, கழுத்து, வால் அடி மூன்றையும் தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும். வலிக்கு மனித மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலும் புரூஃபெனும் நாய்க்கு விஷமாகலாம்.

ஜெயித்த நாயையும் மறக்காமல் பாருங்கள். தோற்றதை எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடும்போது, மற்றது மூலையில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும்.

பிரிக்கும்போது என்னைக் கடிச்சிடுச்சு. ஊசி போட்ட நாய்தானே, நான் ஊசி போட்டுக்கணுமா?

முதலில் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அயோடின். சுண்ணாம்பு, காப்பிப்பொடி, எண்ணெய் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருப்பது நல்லதுதான், ஆனால் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் கடி, அதாவது இருப்பதிலேயே தீவிரமான வகை. தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் தயார் எதிர்ப்புப் பொருள்) வேண்டியிருக்கும். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடுவது 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் வரும் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. முழுதாகப் போட்டவர்களுக்குப் பிறகு கடிபட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை: உங்களைக் கடிக்கவே இல்லை, ஆனால் கையில் ஏற்கெனவே இருந்த கீறலில் நாயின் எச்சில் பட்டது என்றால், அதுவும் கடி மாதிரிதான்.

கடிச்ச நாயைத் தத்து கொடுக்கலாமா? அது கெட்ட நாயா?

ஒரு சண்டையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எதற்காக, யாரோடு, எவ்வளவு ஆழமாக என்று பாருங்கள். கால்நடை மருத்துவர் இயன் டன்பார் மனிதர்கள் மேல் விழும் கடியை 6 நிலையாகப் பிரித்தார். பல் தோலில் படாதது 1, படுவது ஆனால் குத்தாதது 2, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழம் போகாத குத்து 3, அதற்கு மேல் ஆழம் 4 என்று போகும். நாய்க்கு நாய் சண்டையையும் அதே கண்ணோடு பார்க்கலாம். பத்துச் சண்டை போட்டும் எதிராளிக்கு ஒரு ஓட்டைகூட விழவில்லை என்றால் அந்த நாய் வாயை அடக்கத் தெரிந்தது. ஒரே சண்டையில் ஆழமாகக் குதறினால் அதுதான் கவலை.

தத்தெடுக்க வருபவரிடம் மறைக்காதீர்கள். "சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு நாயோடு ஒத்துப்போகாது, தனி நாயாக வளர்த்தால் பிரச்சினையில்லை" என்று சொன்னால் சரியான வீடு தானாக அமையும்.

எத்தனை நாள் கழிச்சு மறுபடி ஒரே கூண்டில் விடலாம்?

அன்றைக்கும் மறுநாளும் கண்டிப்பாக வேண்டாம். வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் படபடப்பு அடங்க நேரமாகும், சின்னச் சத்தத்துக்கும் வெடிக்கும். ஒன்றையொன்று பார்க்க முடியாத இடத்தில் வையுங்கள். பிறகு இரண்டு பேர் ஆளுக்கு ஒரு நாயைக் கயிற்றில் பிடித்து, நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். முறைக்காமல் தரையை முகர்ந்துகொண்டு வந்தால் நாளுக்கு நாள் இடைவெளியைக் குறையுங்கள். இரண்டு பெட்டை நாய்கள் ஒன்றையொன்று குதறிக்கொண்டிருந்தால் சேர்க்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்க காப்பகத்துல மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?

சாப்பாட்டையும் கதவையும் பாருங்கள். ஒரே தட்டில் கொட்டுவது, ஒரு கதவைத் திறந்து பதினைந்து நாயையும் ஒரே நேரத்தில் வெளியே விடுவது, இந்த இரண்டையும் நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். தனித்தனியாகக் கட்டி அல்லது அடைத்துச் சாப்பாடு போட்டு, தட்டை எடுத்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டை, குட்டி போட்ட தாய், வலியோடு இருக்கும் கிழட்டு நாய், மூன்றும் கூட்டத்தில் இருக்கக் கூடாது.

அடுத்தது நெரிசல். 2025 நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் திரியும் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு இந்தக் கவலை இன்னும் கூடியிருக்கிறது. புதிதாக வரும் நாய்களை ஏரியா வாரியாகப் பிரித்து வையுங்கள். ஒரே தெருவில் வளர்ந்தவை ஒன்றையொன்று அறியும். வேறு வேறு தெரு நாய்களை ஒரே கூண்டில் போட்டால், எல்லைச் சண்டையை நாமே நான்கு சுவருக்குள் கொண்டுவந்த மாதிரி. தெரு நாய்களுக்குக் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை) செய்து அதே இடத்தில் விடும் ஏ.பி.சி. (விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாடு) மையங்களில் பிடித்த இடத்தை எப்படியும் எழுதி வைத்திருப்பார்கள், அந்தப் பதிவேட்டையே இதற்கும் பயன்படுத்தலாம்.

ஒரு காரணமும் இல்லாம கண்டதையெல்லாம் கடிக்குது. வெறிநாயா இருக்குமோ?

இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். எச்சில் வடிவது, குரைப்புக் குரல் மாறிப்போவது, தண்ணீர் விழுங்க முடியாமல் திணறுவது, தட்டு, கதவு, கல் என்று எதையும் கடிப்பது, பின்னங்கால் தள்ளாடுவது, இவற்றில் எது தெரிந்தாலும் மேலே சொன்ன பின்னங்கால், கயிறு வித்தையெல்லாம் ரத்து. மற்ற நாய்களை வெளியேற்றிவிட்டு, பலகையால் மட்டும் மறைத்து, அதை அந்த இடத்திலேயே அடைத்துவிடுங்கள். உடனே கால்நடை டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள்.

அந்த நாயின் நடத்தை மாறுகிறதா, அது உயிரோடு இருக்கிறதா என்று 10 நாள் கவனிப்பது வழக்கம், ஆனால் கடிபட்ட மனிதர்கள் அந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும். அது கடித்த நாய்களுக்கு, ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும், மறு ஊசி போட்டுத் தனியாக வைக்க வேண்டும்; எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வார். அந்தச் சண்டையில் யார் யார் கை வைத்தார்கள், யார் போர்வையை அலசினார்கள், யார் தரையைக் கழுவினார்கள் என்று அன்று மாலையே ஒரு தாளில் பெயர் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.